கிளிக்கு எதுக்கு டாக்டர்?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். "உடம்புக்கு முடியலையா டீச்சர்?" என்று போனில் கேட்டவர்களும் உண்டு. உடம்புக்கு முடியாமல் போனது நிஜம்தான். எனக்கல்ல. சுண்டலுக்கு.

சுண்டல் யாரென்று தெரியாதவர்களுக்கு... எங்கள் வீட்டுக் கிளி. உடனே பச்சை உடம்பும் சிவப்பு மூக்குமாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அந்த நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம். தெரிந்தும் பிடிக்கிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள் — அது வேறு கோபம், இப்போது வேண்டாம். சுண்டல் வெளிநாட்டு வகை. கடைக்காரர்கள் காக்டெயில் என்பார்கள். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு. ஏழு வருடமாகத் தஞ்சாவூரில் எங்களோடு குடித்தனம் செய்கிறது.

பேசாது. விசிலடிக்கும். குக்கர் மாதிரியே விசிலடித்து என்னை அடுப்படிக்கு ஓட வைக்கும். போய்ப் பார்த்தால் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டேன்.

தினமும் காலை ஆறரைக்கு, அது வாயில் எதையும் போடுவதற்கு முன்னால், சமையலறைத் தராசில் அதை நிறுத்துவேன். எலெக்ட்ரானிக் தராசு. மேலே ஒரு சின்னக் குச்சியைப் பொருத்தியிருக்கிறேன். சுண்டல் தானாக வந்து ஏறி நிற்கும். எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். பிறகு கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரைப் பார்ப்பேன். செய்தியை அல்ல... எச்சத்தை! நிறம் என்ன, தண்ணீராக இருக்கிறதா, எத்தனை தடவை போயிருக்கிறது. அதையும் எழுதுவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டும் கிளியுமாக டாக்டரிடம் போவேன்.

இதைப் படிக்கும்போதே சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ஏழு வருடமாக என்னைச் சுற்றி எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் என் வீட்டுக்காரர். "கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது என்னை எடை போட்டிருப்பியா நீ?" என்பார். வருகிற விருந்தாளிகள் ஒவ்வொருவரிடமும் இதே வசனம். எதிர்வீட்டுக்காரர் கொஞ்சம் தத்துவம் பேசுவார். "டீச்சர், ஆகாசத்துல எவ்வளவு கிளி பறக்குது... அதெல்லாம் எந்த டாக்டர்கிட்ட போகுது, சொல்லுங்க?"

போவதில்லைதான். அதனால்தான் அவை செத்துப்போவது நமக்குத் தெரிவதில்லை. இதை நான் சொன்னால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

டாக்டர் கிடைப்பதாவது சுலபமா? நெல்லும் மாடும் உள்ள ஊர் இது. மாட்டுக்குப் பார்ப்பார்கள், ஆட்டுக்குப் பார்ப்பார்கள், நாய்க்குக்கூடப் பார்ப்பார்கள். சுண்டல் வந்த புதிதில் ஒரு இடத்துக்கு — பேர் வேண்டாம் — கூண்டோடு போனேன். எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. என் முறை வந்தது. வாசலில் சீட்டு எழுதுகிறவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆகலைங்க. செக்கப்புக்குக் கொண்டாந்தேன்."

"ஒண்ணும் ஆகலையா?"

"ஆகலை."

"ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்கும்மா வந்தீங்க?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டி மிரண்டுவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அவர் சீட்டில் என்ன எழுதினார் தெரியுமா? 'கோழி — 1'. அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை நான்.

அப்புறம் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தவர்தான் டாக்டர் மலர்விழி. சின்னப் பெண். பறவைகளைப் பற்றித் தனியாகப் படித்தவர். மருத்துவமனை என்று சொல்ல முடியாது — அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை, அவ்வளவுதான். ஆனால் சுண்டலைத் துண்டில் சுற்றி எடுத்து, நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்து, மூக்கையும் நகத்தையும் பார்த்து, எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஒரு பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உடம்பு சரியில்லைன்னா பறவை வெளியில காட்டிக்காதும்மா" என்றார். "காட்டுல சோர்ந்து உக்காந்தா வேற ஒண்ணு வந்து தூக்கிட்டுப் போயிடும். அதனால கடைசி வரைக்கும் நல்லா இருக்கற மாதிரியே நடிக்கும். உங்க கண்ணுக்கு அது சோர்ந்து தெரியறப்போ பாதி நேரம் போயிருக்கும். முன்னாடியே சொல்லிடறது எடை ஒண்ணுதான்."

அன்றைக்குத்தான் தராசு வாங்கினேன். அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். புதிதாக எதைத் தின்னக் கொடுத்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கொடுக்க வேண்டும், கழுவிக் கொடுக்க வேண்டும்.

நான் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். கொத்தமல்லியா? உப்புத் தண்ணீரில் ஊறும். ஆப்பிளா? மூன்று முறை கழுவித் தோலைச் சீவித்தான் போகும். கம்பைக்கூட அலசிக் காயவைத்து டப்பாவில் போடுவேன். விருந்தாளிகள் பாசத்தில் முறுக்கை ஒடித்துக் கூண்டுக்குள் நீட்டினால், கையைத் தட்டிவிடாத குறையாகத் தடுப்பேன். இதனால் என் நாத்தனார் ஒரு வருடம் எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தாள். வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு பீற்றிக்கொள்கிறேனே... இப்போது கேளுங்கள் என் லட்சணத்தை.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை. என் தம்பி முருகேசன் வந்தான். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா விட்ட நிலத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். டிராக்டருக்கு ஏதோ பார்ட் வாங்கத் தஞ்சாவூர் வந்தவன், வண்டியை நிறுத்தும்போதே "சுண்டலு... மாமா வந்திருக்கேன்டா" என்று குரல் கொடுத்தான். சுண்டல் உள்ளேயிருந்து விசிலடித்தது. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். அவன் தோளில் உட்கார்ந்து காதைக் கடிக்கும், அவன் கடிக்கவிடுவான்.

வண்டிப் பெட்டியைத் திறந்து ஈரத்துணியில் சுற்றியிருந்ததை எடுத்தான். நெற்கதிர்! இன்னும் பழுக்காத பச்சைக் கதிர். நகத்தால் கிள்ளினால் பால் வரும் பருவம். ஒரு கைப்பிடி அளவு அறுத்து வாழைநாரால் கட்டியிருந்தான்.

"வயல்ல இதுக்குத்தான்க்கா கிளி அடிச்சுக்கிட்டு வருது. ஜிகினாப் பேப்பர் கட்டி, தகரம் தட்டி வெரட்டிக்கிட்டு இருக்கேன். வெரட்டும்போதெல்லாம் நம்மாளு நெனப்புதான். ஊர்க் கிளியெல்லாம் திங்குது, நம்ம வீட்டுக் கிளி திங்க வேணாமா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்கு எனக்குச் சேலை வருவது வழக்கம். கிளிக்கும் பிறந்த வீட்டுச் சீர் வந்திருக்கிறது! தலைகால் புரியவில்லை. கதிரை வாங்கி, நாரை அவிழ்க்காமல், அப்படியே கூண்டில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். 'சொந்த வயல் கதிர்' என்று எழுதி மூன்று இதயம் வேறு.

கழுவினேனா? இல்லை.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேனா? அதை எதற்குக் கேட்பது? எங்கள் வயல்! எங்கள் அப்பா நடந்த வரப்பு!

கடை ஆப்பிளை மூன்று முறை கழுவிய அதே கை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கையை என்ன செய்யலாம் என்று இருக்கிறது.

சுண்டல் அன்று சாயங்காலம்வரை கதிரை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு மணியாகக் கவ்வி, நாக்கால் உருட்டி, பாலைக் குடித்துவிட்டு உமியைத் துப்பியது. கூண்டுக்கு அடியில் பச்சை உமி குவிந்தது. நானும் தம்பியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

ஞாயிறு காலை ஆறரை. தராசை வைத்தேன். சுண்டல் வரவில்லை. கையை நீட்டினேன். ஏறியது, ஆனால் விரலைப் பிடிக்கிற பிடியில் தெம்பே இல்லை. தராசில் நிறுத்தினேன். குச்சியில் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எண்பத்தாறு காட்டியது. முதல் நாள் தொண்ணூற்றிரண்டு. ஆறு கிராம்தானே என்பீர்கள். தொண்ணூற்றிரண்டில் ஆறு! எழுபது கிலோ மனுஷன் ஒரே ராத்திரியில் நாலரைக் கிலோ இளைத்து எழுந்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா?

கீழே பேப்பரில் பச்சைத் தண்ணீர். வாயோரத்தில் நுரை மாதிரி ஈரம். தலையைத் தூக்கப் பார்க்கிறது, முடியவில்லை.

"என்னங்க..." என்று நான் கத்தியதில் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார். பார்த்தார். சிரிக்கவில்லை. "எடை எவ்வளவு?" என்று கேட்டார். ஏழு வருடத்தில் முதல்முறையாக!

குரூப்பில் விஷயத்தைப் போட்டதுதான் தாமதம், வைத்தியம் வந்து கொட்டியது. வேப்பிலைத் தண்ணீர் கொடு. மிளகை இடித்துக் கொடு. ஓமம் கொடு. பனி ஒத்துக்கொள்ளவில்லை, கற்பூரவல்லியைக் கசக்கிப் பிழி. திருஷ்டி, மிளகாய் சுத்திப் போடு. எண்பத்தாறு கிராம் ஜீவனுக்குள் இவர்கள் ஒரு நாட்டு மருந்துக் கடையையே இறக்கிவிடுவார்கள். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொன்னார்களா? மாறாக ஒரு சித்தப்பா எழுதுகிறார்: 'போனால் போகட்டும், வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.' செருப்புக் கிழிந்தால் சொல்கிற வார்த்தை! போனைச் சோபாவில் வீசினேன்.

டாக்டர் மலர்விழியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான். "பத்து நிமிஷத்துல கீழ இறங்கி வரேன், கொண்டாங்க" என்றார். வீட்டுக்காரர் காரை எடுக்க, நான் அட்டைப் பெட்டியில் துண்டு விரித்துச் சுண்டலை வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். எச்சப் பேப்பரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டேன். என்ன தோன்றியதோ, மிச்சமிருந்த கதிரையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் சுண்டலைப் பார்த்தார். கண்ணுக்கு டார்ச் அடித்தார். பேப்பரைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். "நேத்துவரைக்கும் நல்லா இருந்திருக்கு. நேத்து புதுசா என்ன கொடுத்தீங்க?"

கவரை நீட்டினேன். கதிரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"இதுக்கு என்ன மருந்து அடிச்சாங்க?"

"மருந்தா? சேச்சே... இது எங்க சொந்த வயல் டாக்டர்."

அவர் கதிரைக் கீழே வைத்தார். ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"பால் பிடிக்கற நேரத்துலதாம்மா கதிர்ல நாவாய்ப்பூச்சி வரும். டெல்டா பூரா இப்பத்தான் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. உங்க தம்பிகிட்ட மருந்து பேரு கேளுங்க. சீக்கிரம். ஒரு வகை மருந்தா இருந்தா அதுக்கு மாத்து ஊசி இருக்கு. வேற வகைன்னா அந்த ஊசி உதவாது, கெடுதல்கூட ஆகலாம். பேரு தெரியாம என்னால ஊசியை எடுக்க முடியாது."

தம்பிக்குப் போன் போட்டேன்.

"முருகேசா, அந்தக் கதிருக்கு மருந்து அடிச்சியா?"

"எந்தக் கதிருக்கு?"

"நேத்து கொண்டாந்தியேடா!"

"ஆமா... அடிச்சோம். வியாழக்கிழமை. ஏன்க்கா?"

வியாழக்கிழமை மருந்து அடித்தது. சனிக்கிழமை அறுத்தது. சனிக்கிழமை மத்தியானம் என் பிள்ளை வாயில். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன பேசினேன் என்று எழுதினால் இந்தப் பத்திரிகை போடாது. அவன் குறுக்கே குறுக்கே ஏதோ சொல்லப் பார்த்தான். "ரெண்டு நாள் பனியில நனைஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்க்கா... மேலதானே அடிச்சது, உள்ள பாலு..."

"வாயை மூடு. மருந்து பேரு சொல்லு."

"பேரு... தெரியலைக்கா."

கேட்டீர்களா? தன் வயலில், தன் நெல்லுக்கு அடித்த மருந்தின் பெயர் தெரியாது! என் தம்பி பி.காம். படித்தவன். பூச்சி விழுந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் போய்ச் சொன்னானாம். இதை அடி என்று கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாராம். கையோடு கொண்டுபோய் மருந்து அடிக்கிற ஆளிடம் கொடுத்தானாம். நடுவில் ஒருத்தர்கூட அந்த லேபிளைப் படிக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கி வந்தால் எக்ஸ்பைரி தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் அவன். நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் இது இப்படித்தான் நடக்கிறது. 'மஞ்சள் மூடி', 'வெள்ளை டப்பா', 'போன தடவை கொடுத்தீங்களே அது' — விஷத்துக்கு இதுதான் பெயர்.

"மஞ்சள் மூடி போட்ட பாட்டில்க்கா" என்றான் அவன்.

"மூடியை வச்சு என்னடா பண்ணச் சொல்றே? பாட்டில் எங்க?"

"அடிச்ச ஆளு வயல்லயே போட்டிருப்பாரு. இரு, போய்ப் பாக்கறேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். டாக்டர் சுண்டலை ஒரு பெட்டியில் வைத்துப் பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டினார். சொட்டுச் சொட்டாக ஏதோ ஏற்றினார். சுண்டல் கண்ணை மூடி மூடித் திறந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் இனி திறக்காதோ என்று எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. வீட்டுக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, குக்கர் மாதிரி விசிலடித்துப் பார்த்தார். பதில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளிக்காகப் பொதுஇடத்தில் அழுதேன், ஆமாம். யாருக்காவது அதில் ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்லத் தயார்.

முக்கால் மணி நேரம் கழித்து முருகேசன் போட்டோ அனுப்பினான். பாட்டில் கிடந்த இடம் எது தெரியுமா? வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், தண்ணீரில். அந்தத் தண்ணீரில்தான் மாடு குளிக்கிறது, வாத்து மேய்கிறது. வரப்பு வரப்பாகத் தேடி, இடுப்புவரை இறங்கி எடுத்திருக்கிறான். போட்டோவில் பாதி அவன் சேற்றுக் கை. லேபிள் நனைந்து பிய்ந்திருந்தது. எழுத்தோ எறும்பு சைஸ். டாக்டர் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, ஒரு வழியாகப் படித்தார்.

"மாத்து ஊசி இருக்கற வகைதான்" என்றார். அடுத்த நிமிடம் ஊசி போட்டார்.

சாயங்காலம் சுண்டல் தலையைத் தூக்கியது. திங்கட்கிழமை எழுந்து நின்றது. மூன்று நாள் டாக்டரிடமே இருந்தது. தினமும் காலை ஆறரைக்கு என் வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் போட்டு எடை கேட்டார். எண்பத்தைந்து, எண்பத்தேழு, எண்பத்தெட்டு. நோட்டில் அவரே எழுதினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு எப்போது வாயை மூடிக்கொள்வது என்று தெரியும்.

வீட்டுக்கு அழைத்து வரும்போது டாக்டர் சொன்னார்: "தினம் எடை பாக்கறதாலதான்மா அன்னைக்குக் காலையிலயே வந்தீங்க. மத்தவங்கன்னா தூங்கி வழியுதுன்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. அப்ப நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

இதை எதிர்வீட்டுக்காரர் படிக்கவேண்டும். சித்தப்பா படிக்கவேண்டும். 'கோழி — 1' என்று எழுதியவரும் படித்தால் சந்தோஷம்.

ஆனால் என் கோபம் இதோடு முடியவில்லை. பொங்கல் கழித்து முருகேசன் வந்தான். வாசலிலேயே நின்றான். சுண்டலைக் கூப்பிடவில்லை. கையில் சின்னதாக ஒரு கதிர்க் கட்டு, பாலித்தீன் கவரில்.

"கழுவியிருக்கேன்க்கா. மூணு தண்ணி. நீயும் கழுவிக்க. இதுல மருந்தே கிடையாது. சத்தியமா. இது வீட்டு வயலு."

"அன்னைக்கும் நம்ம வயலுன்னுதானே கொடுத்தே?"

"நம்ம வயலுதான். ஆனா அது விக்கிற வயலு. இது கொல்லைப் பக்கம் இருக்கற ஒரு மா நிலம். வீட்டுக்குச் சாப்பிட பழைய ரகம் போடுவோம்ல? அதுக்கு மருந்து அடிக்கறதில்ல. சாணி, எரு, வேப்பம்புண்ணாக்கு அவ்வளவுதான். அன்னைக்கு அதுல இன்னும் கதிரே வரலை. அது லேட் ரகம். சரி, சுண்டலுக்கு ஆசையா இருக்குமேன்னு ரோட்டோரத்து வயல்ல அறுத்துட்டேன். என் தப்புதான்க்கா."

கண் கலங்கியிருந்தான். எனக்கும் மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். காப்பி கொடுத்தேன். சுண்டல் கூண்டிலிருந்து வந்து, எந்த வழக்கும் இல்லாமல், அவன் தோளில் ஏறி உட்கார்ந்து காதைக் கடித்தது. அதன் மனசு எனக்கு வராது.

அவன் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"வீட்டு வயலு உங்க வீட்டுக்கு. இப்ப சுண்டலுக்கும். சரி. விக்கிற வயலுக்கு மட்டும் ஏன்டா மருந்து?"

"அடிக்கலைன்னா பூச்சி பாலை உறிஞ்சிடும்க்கா. பாதி பதராப் போயிடும். பதரைக் கொண்டுபோய்க் கொள்முதல்ல கொட்டினா எடுப்பானா? திருப்பி அனுப்பிடுவான். பழைய ரகத்துல வெளைச்சல் கம்மி, வீட்டுக்கு மட்டும்தான் கட்டும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு. அறுப்புக்கு இன்னும் நாள் இருக்குல்ல, அதுக்குள்ள வெயில்ல போயிடும்னுதான் கடைக்காரர் சொல்றாரு."

பாட்டில் பெயரைக்கூடச் சொல்லாத கடைக்காரர்தான் இதையும் சொல்லியிருக்கிறார். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. யாரைத் திட்டுவது என்றே தெரியாத ஆத்திரம்.

"சரிடா, அந்த விக்கிற வயலு நெல்லு... அதை யாரு சாப்பிடறா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

"ஊரு சாப்பிடுதுக்கா."

அந்த ஊரில்தான் நான் கடையில் அரிசி வாங்குகிறேன். நீங்களும்தான்.